கொசுவலையில் பிடித்த ராகி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சின்ன வயதிலும் அப்படித்தான், எழுபத்தைந்தைத் தாண்டிய பிறகும் அப்படித்தான். கோபம் வந்தால் யார் எதைச் செய்யாதே என்கிறார்களோ அதைத்தான் செய்வேன். அப்படிச் செய்து ஒரு நல்ல கறவை மாட்டை விற்றிருக்கிறேன், ஒரு பல்லை உடைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு சித்தப்பாவோடு பதினோரு வருடம் பேசாமல் இருந்திருக்கிறேன். (தப்பு அவர் மேல்தான்.) ஆனால் ஒரு குடும்பத்தின் எட்டு மாதச் சாப்பாட்டைத் தார் ரோட்டில் பரப்பி மழைக்குப் பந்தி வைத்தது ஒரே ஒரு தடவைதான். அதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் நாத்தனார் ரெஜினா சொல்வாள். அவள் சொன்னால் அன்று விழுந்த ஆலங்கட்டி ஒவ்வொன்றும் தேங்காய் அளவு இருக்கும்.

அறுபதுகளின் கடைசி. நான் கடலூர் முதுநகர்ப் பெண். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நாற்காலியில் உட்காரும் வேலை இல்லை. புயல் வருகிறது என்று மேலிடத்திலிருந்து தந்தி வந்தால், கொடிக்கம்பத்தில் புயல் கூண்டை ஏற்றுகிற வேலை. எத்தனையாம் எண் கூண்டு என்பதைப் பெரிய அதிகாரிகள் சொல்வார்கள், அப்பா கயிற்றை இழுப்பார். அவ்வளவுதான் அவருக்கும் வானத்துக்கும் உள்ள சம்பந்தம். ஆனால் எங்கள் தெருவில் அப்பாவைக் கேட்டுத்தான் வடாம் பிழிவார்கள், கருவாடு காயப்போடுவார்கள். இதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வங்காள விரிகுடாவே எங்கள் வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பொங்குகிறது என்று நினைப்பு.

இந்த நினைப்பையும், இரண்டு பித்தளைக் குடங்களையும், ஒரு டிரங்குப் பெட்டியையும், ஒரு கொசுவலையையும் எடுத்துக்கொண்டு நான் ஓசூர்ப் பக்கம் கெலமங்கலத்துக்கு மருமகளாகப் போனேன். கடலூரில் கொசுவலை இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் ஊர் சிரிக்கும். இரட்டைக் கட்டிலுக்கான வலை, நல்ல நெசவு, அப்பா தேடிப்பிடித்து வாங்கியது. கெலமங்கலத்தில் அதைப் பிரித்தபோது வீடே சிரித்தது. கல்யாணம் நடந்தது தை மாதம். அங்கே தையில் விடியற்காலை வாயைத் திறந்தால் புகை வரும்.

"அண்ணி, எங்க ஊரு குளிருக்குக் கொசுவே கம்பளி கேக்கும். அதுக்கு நீங்க வலை கட்டப் போறீங்களா?" என்றாள் ரெஜினா. அப்போது அவளுக்குப் பத்தொன்பது, எனக்கு இருபத்தொன்று. பார்த்த முதல் நாளே எங்களுக்குள் சண்டை வந்து, இரண்டாம் நாளே சிநேகமாகிவிட்டோம்.

கொசுவலை பரணுக்குப் போனது. எனக்கு வந்த கோபம் பரணுக்குப் போகவில்லை. என் அப்பா வாங்கிய பொருளைக் கேலி செய்தால் என் அப்பாவையே கேலி செய்த மாதிரி. அதனால் அப்பா பெருமையை நாள் தவறாமல் பாட ஆரம்பித்தேன். அவர் கூண்டு ஏற்றினால் கப்பல் நிற்கும் என்றேன். கலெக்டரே ஜீப்பை நிறுத்தி அவரிடம் மழை கேட்பார் என்றேன். (கலெக்டர் ஒரே ஒரு தடவை ஜீப்பை நிறுத்தினார். வழி கேட்க.) கேட்டுக் கேட்டு என் கணவர் அந்தோணி வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், "கூண்டு எத்தனாம் நம்பரு?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் கோபமாக இருக்கிறேனா என்று தெரிந்துகொள்வதற்கு. அவர் ஓசூரில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். உயிரோடு இருக்கிற எந்த எஞ்சினையும் தூரத்திலிருந்தே எடை போடத் தெரிந்தவர்.

மாமனார் சவரியப்பன் மட்டும் கேலி செய்யமாட்டார். அவர் பேசுவதே குறைவு. கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், அதில் கோடை ராகி. அரிசி கண்ணில் படுவதே அபூர்வமான காலம் அது. ரேஷனில் கிடைத்ததை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வோம். மற்ற ஆறு நாளும் களி, கூழ். அடுத்த அறுவடை மார்கழியில்தான். அதாவது சித்திரையில் அறுத்த ராகி வீட்டுக்கு வராவிட்டால், எட்டு மாதம் ஐந்து பேர் எதைச் சாப்பிடுவது என்று மாதாவைத்தான் கேட்கவேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ராகிக் கதிரை எங்கள் பக்கம் ரோட்டில் போட்டு அடிப்பார்கள். அடிப்பார்கள் என்றால் யாரும் அடிப்பதில்லை. கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மாட்டுவண்டியும் ஏறி மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். பிறகு தாளை உதறி எடுத்துவிட்டு, மணியைக் குவித்து, முறத்தில் அள்ளிக் காற்றில் தூற்றவேண்டும். முதன்முதலில் பார்த்தபோது, சாப்பிடுகிற பொருளை பஸ் சக்கரத்தில் போடுகிறார்களே என்று முகம் சுளித்தேன். ("உங்க ஊர்ல மீனை மண்ணுல காயப்போடறதில்லையா?" என்று ரெஜினா கேட்டாள். பேச்சு அத்தோடு முடிந்தது.)

ஈஸ்டர் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமியாரின் தம்பி குழந்தைக்குக் கிருஷ்ணகிரியில் ஞானஸ்நானம். மாமனார், மாமியார், என் கணவர் மூன்று பேரும் விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். நானும் ரெஜினாவும் காவல். கதிர் அறுத்து வீட்டின் பக்கத்தில் போராக அடுக்கியிருந்தது. ரோடு, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

மாமனார் வெள்ளை வேட்டியும் புதுத் துண்டுமாகப் படி இறங்கினார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"ஏம்மா லூர்து, பாதிப் போரை மட்டும் ரோட்டுல போடுங்க. பத்து மணி பஸ்ஸும் அதுக்கப்புறம் வர்ற கல்லு லாரியும் ஏறிட்டா போதும். பதினொன்னுக்கு மேல வெயில் கடிச்சிச்சின்னா எல்லாத்தையும் அள்ளி உள்ள போட்டுடுங்க."

எனக்குப் புரியவில்லை. "வெயில் கடிச்சா எதுக்கு மாமா அள்ளணும்? நல்லா காயட்டுமே. மழை வந்தாத்தானே அள்ளணும்?"

"வெயில் கடிச்சாத்தாம்மா மழை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். (அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு.) சித்திரையில் மழையா? கடலூரில் சித்திரையில் காக்கை கூடக் குழாயடியில் வரிசை நிற்கும். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. கடல்மேல் காற்று திரும்பவேண்டும், கிழக்கே கருக்கவேண்டும், தந்தி வரவேண்டும், அப்பா கயிற்றை இழுக்கவேண்டும். அதற்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. நான் வந்திருப்பது கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே, இங்கே வானம் வேறு, காற்று வேறு என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை. ஒரே ராஜ்ஜியம்தானே, ஒரே மழைதானே என்று இருந்தேன்.

பாதிப் போரை இறக்கிப் பரப்பினோம். பத்து மணி பஸ் வந்தது. டிரைவர் மாரப்பன் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, ரோடு உங்க மாமனாரு பட்டாவுல சேந்துடுச்சா?"

"ஏறிட்டுப் போங்கண்ணா, ராகி உங்களை ஒண்ணும் பண்ணாது" என்றாள் ரெஜினா.

"ராகி பண்ணாது. பக்கத்துல இருக்கிறவங்க மூஞ்சைப் பாத்தாதான் பயமாக்கீது" என்று என்னைக் காட்டிவிட்டு ஏற்றிக்கொண்டு போனார். பஸ்ஸே சிரித்தது. கல் லாரியும் வந்தது, போனது. பதினொன்று ஆயிற்று. வெயில் கடித்தது. சாதாரணக் கடி இல்லை, பிடறியில் சூடு வைத்த மாதிரி. காற்று அசையவே இல்லை.

"அண்ணி, அள்ளிடலாம். அப்பா சொன்னாரு."

"இந்த வெயிலையா வீணாக்கறது? உனக்கு மூளை இருக்கா? மீதிப் போரையும் இறக்கு. சாயந்திரம் அவங்க வந்து இறங்கும்போது எல்லாம் தூத்தி மூட்டையாக் கட்டி நிக்கணும்."

"அண்ணி, வேணாம்."

வேணாம் என்று ஒருத்தி சொன்னாள் அல்லவா, அதோடு தீர்மானம் ஆகிவிட்டது. மீதிப் போரும் ரோட்டுக்கு வந்தது. ஒரு பர்லாங் நீளத்துக்கு எங்கள் எட்டு மாதச் சாப்பாடு படுத்துக்கிடந்தது. அதன் தலைமாட்டில் நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

எதிர்ப்பக்கம் கௌரம்மா வீடு. கன்னடக்காரப் பெண்பிள்ளை, எருமை வைத்திருந்தாள். வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அவசரத்தில் மூன்றும் சேர்ந்து வரும். எருமையை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனவள் எங்களைப் பார்த்து நின்றாள்.

"லூர்தம்மா! மளெ பருத்தே! மழை வருதும்மா, எருமையே கொட்டாய்க்கு ஓடுது, நீ இன்னா எல்லாத்தையும் பரப்பிகினு நிக்கிறே? அஞ்செட்டி மலைப் பக்கம் பாரு, எப்டி ஏறிகினு வருது!"

நான் பார்த்தேன். அஞ்செட்டி மலைப் பக்கம் இல்லை. கிழக்கே பார்த்தேன். மழை கிழக்கிலிருந்துதான் வரும், கடல் அங்கேதான் இருக்கிறது. கிழக்கு வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. எனக்குப் பின்னால், மேற்கே, மலைமேல் கரியை அப்பின மாதிரி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று நான் கௌரம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். பருவமழை என்றால் என்ன, வாடைக்காற்று என்றால் என்ன, மூன்றாம் எண் கூண்டுக்கும் ஐந்தாம் எண் கூண்டுக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் சொன்னேன். எருமை கயிற்றை இழுத்தது. கௌரம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிம்மா. உங்கப்பன் கூண்டு அங்க கடலூருல இருக்குது. மேகம் இங்க இருக்குதே" என்றாள்.

"எங்க வீட்டு ராகி. நாங்க பாத்துக்கறோம்" என்றேன். ரெஜினா தலையில் அடித்துக்கொண்டாள். (தன் தலையில்தான். என் தலை பக்கத்தில் இருந்தும் அடிக்கவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.)

இரண்டரை மணிக்குள் எல்லாம் மிதிபட்டு உதிர்ந்துவிட்டது. தாளை உதறி ஓரமாகப் போட்டோம். மணியையும் உமியையும் ரோட்டோரமாகக் கூட்டி ஒரே குவியலாகக் குவித்தோம், இடுப்பளவுக்கு. இனித் தூற்றவேண்டியதுதான் பாக்கி. அதற்குக் காற்று வேண்டும். காற்று இல்லை. எனக்குக் காற்றின்மேல் கோபம் வந்தது. "இந்த ஊர்ல காத்துக்குக் கூட சோம்பேறித்தனம்" என்று சத்தமாகவே சொன்னேன்.

உடனே வந்தது. மேற்கிலிருந்து, ஜில்லென்று, புழுதியை வாரிக்கொண்டு.

"பாத்தியா! தூத்தறதுக்குன்னே வருது பாரு!" என்று முறத்தில் ராகியை அள்ளித் தலைக்குமேல் தூக்கினேன்.

டக்.

முறத்தில் என்னமோ விழுந்தது. பார்த்தால் ஒரு கல். பக்கத்திலேயே இன்னொன்று டக். மூன்றாவது என் தோளில் விழுந்தது, நல்ல வலி. எனக்குச் சந்தேகமே இல்லை. கௌரம்மா! நான் சொன்ன பதிலுக்கு வீட்டுக்குள்ளிருந்து கல் எறிகிறாள்! முறத்தைக் கீழே போட்டேன், எதிர்வீட்டைப் பார்த்துத் திரும்பினேன், எனக்குத் தெரிந்த கடலூர் வசவுகள் அத்தனையையும் வரிசையாக இறக்கினேன். கௌரம்மா வாசற்படியில் நின்றாள், இரண்டு கையிலும் ஒன்றுமில்லை. வானத்தைக் காட்டினாள்.

ஆலங்கட்டியை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. கடலூர் வானம் தண்ணீரை ஊற்றும், காற்றை ஊதும், கூரையைப் பிடுங்கும். கல் எறியாது. இங்கே எறிந்தது. கொட்டைப்பாக்கு அளவில் வெள்ளை வெள்ளையாக ரோட்டில் விழுந்து குதித்தன. அதற்குப் பின்னாலேயே மழை. மழை என்றா சொல்வது, ஏரியைத் தூக்கிக் கவிழ்த்த மாதிரி.

கால்மணி நேரம் கூட ஆகவில்லை. குவியலின் அடி கரைந்தது. எங்கள் ரோடு ஒருபக்கமாகச் சரிந்தது. ராகி பழுப்பு நிறத்தில் ஓடை மாதிரி ஓடி, பக்கத்துச் சாக்கடையில் இறங்கி, அங்கிருந்து மோரியை நோக்கிப் போனது. மோரி என்றால் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற குழாய்ப்பாலம். மோரிக்கு அந்தப்பக்கம் ஏரி. ஏரிக்குள் போன ராகியை எந்த மாதாவாலும் திருப்பித் தர முடியாது.

நான் குவியல்மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கட்டிப்பிடிக்கப் பிடிக்க விரல் இடுக்கில் நழுவிப் போனது. ரெஜினாவைக் காணோம். பயந்து ஓடிவிட்டாள் என்று அந்த நிலையிலும் அவளைத் திட்டினேன். திரும்பிப் பார்த்தால் வீட்டிலிருந்து ஓடி வருகிறாள். தலையில் அலுமினியக் குண்டானைக் கவிழ்த்திருக்கிறாள். ஆலங்கட்டி அதில் விழுந்து கோயில் மணி மாதிரி அடிக்கிறது. கையில் வெள்ளையாக ஒரு பெரிய சுருட்டல்.

என் கொசுவலை.

"ஏய்! அது எங்கப்பா வாங்கித் தந்ததுடி!" என்று கத்தினேன். மானம் போகிற நேரத்திலும் சீர்வரிசை நினைப்பு போகவில்லை.

"ராகி போச்சுன்னா உங்கப்பா மணியார்டர்ல அனுப்புவாரா? பிடிங்க அண்ணி அந்தப் பக்கம்!"

பிடித்தேன். வலையை நாலாக மடித்து மோரியின் வாய்க்குக் குறுக்கே இழுத்தோம். ரெஜினா ஒரு பக்கம் காலால் மிதித்துக்கொண்டாள், நான் மறுபக்கம் சாக்கடையிலேயே உட்கார்ந்துகொண்டேன். முதலில் ராகி வலைக்குள் புகுந்து தப்பித்தது. பிறகு உமி வந்து வலையின் கண்களை அடைத்தது. உமி அடைத்ததும் மணி நின்றது. தண்ணீர் மட்டும் வடிந்து போனது. கடலூர்க் கொசுவுக்குக் கட்டவேண்டிய வலை கெலமங்கலத்து ராகியைப் பிடித்துக்கொண்டது. கௌரம்மா எருமைத் தொட்டியோடு ஓடிவந்தாள். நான் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வலையில் சேர்ந்ததைத் தொட்டியில் வாரினாள்.

ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. வலையின் நடுப்பகுதி பானை வயிறாக உப்பியது. என் பக்கத்து முனை கையைவிட்டு நழுவ ஆரம்பித்தது.

அப்போதுதான் பஸ் வந்து நின்றது.

கிருஷ்ணகிரியிலிருந்து வருகிற பஸ். காலையில் பார்த்த அதே மாரப்பன். ஜன்னல்களின் கித்தான் திரையை விலக்கி நாற்பது தலை எட்டிப்பார்த்தது. அவர்கள் பார்த்தது இதைத்தான்: சாக்கடையில் முழங்கால்வரை புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு புது மருமகள். தலையில் குண்டான் கவிழ்த்த ஒரு கன்னிப்பெண். நடுவில் ஒரு இரட்டைக் கட்டில் கொசுவலை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த மாமியார், "சேசுவே!" என்று சொன்னது மழைச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

மாமனார் இறங்கினார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, கையில் ஞானஸ்நான வீட்டில் கொடுத்த பலகாரப் பொட்டலம். பொட்டலத்தை மாமியார் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்தார். இப்போது திட்டப்போகிறார், பிறகு அடிக்கப்போகிறார், நாளைக்குக் கடலூர் ரயிலில் ஏற்றிவிடப்போகிறார் என்று வரிசையாக எதிர்பார்த்தேன். அவர் சாக்கடையில் இறங்கினார். உப்பியிருந்த வலைக்குப் பின்னால், மோரியின் வாயில், முதுகைக் கொடுத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ராகித் தண்ணீர் அவர் தோளைத் தாண்டி வழிந்தது. வலை அசையவில்லை.

அதைப் பார்த்தபிறகு பஸ்ஸில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மாரப்பன் கூரைமேல் ஏறி, மூட்டைகளுக்குப் போட்டிருந்த தார்ப்பாயை இழுத்து எறிந்தார். அந்தோணி அதைப் பிடித்து மிச்சமிருந்த குவியலை மூடி, அதன்மேல் குறுக்கே படுத்துக்கொண்டார். கண்டக்டர் பெண்களிடம் முந்தானையை விரிக்கச் சொன்னார், பெண்கள் அவரை விசில் ஊதாமல் வாரச் சொன்னார்கள். தேன்கனிக்கோட்டைக்குப் போகவேண்டிய ஒரு பெரியவர் மட்டும் இறங்காமல் உட்கார்ந்து, "டிக்கெட்டு எடுத்தது ஊருக்குப் போறதுக்கா, ராகி அள்றதுக்கா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரும் இறங்கினார். அவர் குடையில்தான் அதிகமாக வாரினோம், தலைகீழாகப் பிடித்து.

அரைமணி நேரத்தில் மழை நின்றது. யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. வெயில்கூட அடித்தது, வெட்கமில்லாமல். மொத்தத்தில் ஒரு மூட்டை ஏரிக்குப் போயிருக்கும். மற்றதெல்லாம் ஈரமாக, உமியோடு, சேற்றோடு, எருமைத் தொட்டியிலும் குண்டானிலும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. மாமியார் வேலைக்கு நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாதின்னுதானே சொல்லிட்டுப் போனாரு?" நான் டிரங்குப் பெட்டியை எடுத்துத் துணியை அடுக்க ஆரம்பித்தேன். அனுப்புவதற்கு முன்னால் நாமே போய்விடலாம் என்று. அந்தோணி வாசலில் நின்று பார்த்தார்.

"எத்தனாம் நம்பரு கூண்டு?" என்றார்.

"பத்து" என்றேன். அழுகை வந்துவிட்டது. அதற்குமேல் அபாயக் கூண்டு கிடையாது என்பது அவருக்கும் தெரியும். பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்திருக்கச் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் எல்லாவற்றையும் ஊருக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் கொண்டுபோய்க் காயவைத்தோம். நல்ல வெயில். பதினொரு மணி ஆனதும் நானே முதலில் அள்ள ஆரம்பித்தேன். ஒருவரும் சொல்லவில்லை. மூன்று நாளில் பெரும்பகுதி தேறிவிட்டது. குடையிலும் குண்டானிலும் அடியில் கிடந்த கொஞ்சம் மட்டும் முளைத்துவிட்டது. முளைத்ததைக் கொட்ட மனமில்லாமல் மாமியார் காயவைத்து வறுத்து அரைத்தார். அதில் நான் கூழ் காய்ச்சினேன். மாமனார் முன்னால் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த மூன்று நாளில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. (அவர் யாரிடமும்தான் பேசவில்லை. எனக்கு அது தோன்றவில்லை.)

குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி நீட்டினார்.

"இனிப்பா இருக்குது" என்றார். "கொஞ்சம் நனைஞ்சதும் நல்லதுக்குத்தான்."

நான் சமையலறைக்கு ஓடிப்போய், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சை விட்டேன். அந்த மூச்சை நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து பிடித்து வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

கொசுவலை பிறகு வெள்ளையாகவே ஆகவில்லை. எத்தனை தடவை வெளுத்தாலும் ராகி நிறம். என் மூன்று பிள்ளைகளும் அதற்குள்தான் தூங்கினார்கள், கொசுவுக்காக இல்லை, ஈக்காக. ஓசூரில் கம்பெனிகள் வந்தபிறகு என் பெரிய மகன் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "அம்மா, மழை வருமா?" என்று கேட்பான். "வராது" என்பேன். குடையை எடுத்துக்கொண்டு போவான். இப்போது போனிலேயே மழை தெரிகிறது என்கிறார்கள். ஆனாலும் ரெஜினா வந்தால் முதலில் என்னைக் கேட்பாள், நான் சொல்வதற்கு நேர்மாறாகத் துணியைக் காயப்போடுவாள். கௌரம்மா இருந்தவரைக்கும், ஆலங்கட்டி விழுகிற நாளில் எல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து, "நான் எறியலை லூர்தம்மா!" என்று குரல் கொடுப்பாள்.

மாமனார் மட்டும் இந்தக் கேலி எதிலும் சேரவில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

சில வருடம் கழித்து ஒரு வறட்சி. சித்திரையில் விழுகிற மாங்காய் மழையும் இல்லை, ஆடியும் காய்ந்து போயிற்று. கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. விதைராகி பானையிலேயே இருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு மழைக்காக மன்றாட்டு வைத்தாயிற்று. ஒரு நாள் காலையில் மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் அந்தப் பக்கம் வருகிறவரே இல்லை. தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா லூர்து."

"என்னா மாமா?"

"ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"என்னா வார்த்தை?"

"இந்த மாசம் மழை வராதுன்னு."

அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கேலியும் இல்லை. எல்லா வழியும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்திருக்கிறார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். முறைப்படி கிழக்கே பார்த்தேன்.

"வராது மாமா. எங்கப்பா மேல சத்தியமா வராது."

அவர் தலையை ஆட்டினார். போய் ஏர்க்கலப்பையை எடுத்துத் தூசி தட்டி வைத்தார்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு மேல் வெயில் கடித்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நானே போய்க் கொடியில் இருந்த துணிகளை எல்லாம் அள்ளி உள்ளே போட்டேன்.